நான்காவது முகமூடி

சின்ன பெல்ட்டோடு வந்து நின்றாள் விமானப் பணிப்பெண்.

"மடியில வைக்கிற குழந்தை ஒண்ணு இருக்கணுமே. எங்க?"

அவன் இல்லையென்று தலையை ஆட்டினான்.

அந்தப் பெண் அவன் மனைவியின் முகத்தைப் பார்த்தாள். எப்படியோ விளங்கிவிட்டது. பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு போனாள்.

குழந்தைக்கும் சேர்த்துத்தான் போகவர டிக்கெட் போட்டிருந்தார்கள். இதயத்தில் ஓட்டை, சென்னைக்குக் கொண்டுபோனால் அடைத்துவிடலாம் என்றார்கள். அடைக்கப் படுத்த பிள்ளை எழுந்திருக்கவில்லை. அங்கேயே மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, போர்ட் பிளேருக்குத் திரும்புகிறார்கள்.

நடுச் சீட்டில் அவள். அன்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட அவன் கெஞ்சிப் புகட்டினால்தான்.

கடலுக்கு மேலே போய்க்கொண்டிருக்கும்போது காதில் ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது. குப்பென்று குளிர். தலைக்கு மேல் மூடி திறந்து மஞ்சள் முகமூடிகள் விழுந்து ஆடின.

விமானம் மூக்கைக் கவிழ்த்து இறங்கியது.

அவன் ஒன்றை இழுத்து அவள் முகத்துக்குக் கொண்டுபோனான். அவள் திருப்பிக்கொண்டாள்.

"மாட்டு புள்ள."

தட்டிவிட்டாள்.

கட்டடங்களுக்குச் சாரம் கட்டிக் காய்த்த கை அவனுடையது. அவள் தள்ளிய தள்ளில் அது நிற்கவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. தன் முகமூடி எங்கே தொங்குகிறது என்றே அவனுக்குத் தெரியவில்லை.

ஒலிபெருக்கி இங்கிலீஷில் சொன்னது. இந்தியில் சொன்னது. பிறகு தமிழில்.

முதலில் உங்கள் முகமூடியை அணிந்துகொள்ளுங்கள். அதன் பிறகு குழந்தைக்கு அணிவியுங்கள்.

திரும்பவும் அதையே சொன்னது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

சீட்டு மூன்று. விழுந்தது நான்கு. யாருக்கும் இல்லாத ஒன்று அவள் முன்னால் ஆடிக்கொண்டிருந்தது.

அவள் தன்னுடையதை இழுத்து மாட்டினாள். ரப்பர் நாடாவைப் பின்னந்தலையில் சரியாக இறுக்கினாள்.

பிறகு நான்காவதை எட்டி இழுத்தாள். மடிக்குக் கொண்டுவந்தாள். இடது முழங்கையை மடக்கி, அந்த மடிப்புக்குள் முகமூடியை மெல்லக் கவிழ்த்துப் பிடித்தாள்.

அதைப் பார்த்த பிறகுதான் அவன் தன்னுடையதைத் தேடி மாட்டினான்.

பத்தாயிரம் அடிக்கு வந்துவிட்டோம், இனி முகமூடி தேவையில்லை என்றது ஒலிபெருக்கி. சுற்றிலும் கழற்றினார்கள். யாரோ சாமி பேரைச் சொல்லி அழுதார்கள்.

அவளும் தன்னுடையதைக் கழற்றினாள்.

மடியில் இருந்தது அப்படியே இருந்தது.

பணிப்பெண் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவர்கள் பக்கத்தில் நின்றாள். அவள் மடியைப் பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

மடியிலிருந்த முகமூடியின் குழாய் சீட்டுக் கைப்பிடியில் மாட்டி மடங்கியிருந்தது.

அவன் குனிந்து அதை எடுத்து, நேராக்கிவிட்டான்.