பூனை நடை

"கட்!"

டைரக்டர் மைக்கை மேசையில் வீசினார். "ஒரே ஒரு வரிம்மா. 'போதும்மா, நிறுத்து.' இதைக்கூடவா இடம் பார்த்துச் சொல்லத் தெரியாது?"

"சாரி சார்," என்றாள் கதாநாயகி.

"இந்த 'சாரி'யை மட்டும் கரெக்டா சொல்லிடுங்க," என்றார் டைரக்டர்.

செட்டில் எல்லாரும் சிரித்தார்கள். மாடலிங் மேடையில் 'கேட்வாக்' நடந்துவிட்டு வந்தவள் என்பதால் யூனிட்டில் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'பூனை நடை'. முதல் படத்தில் ஒரு பாட்டுக்கு வந்து போனாள். அடுத்ததில் கதாநாயகனுக்குத் தோழி. இதில்தான் கதாநாயகி. இதே கம்பெனியின் அடுத்த படமும் அவளுக்கே என்று பேசி வைத்திருந்தார்கள். டைரக்டருக்கு அது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

வீட்டை விட்டுக் கிளம்பும் மகளை அம்மா நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கும் காட்சி. பேச்சு முழுக்க அம்மாவுக்குத்தான். அம்மாவாக நடித்தவரை இண்டஸ்ட்ரியே பெரியம்மா என்றுதான் கூப்பிடும். அவர் பேசி முடித்ததும் மகள் அந்த ஒரு வரியைச் சொல்ல வேண்டும். பூனை நடையோ ஒவ்வொரு டேக்கிலும் பாதியிலேயே குறுக்கே பாய்ந்தாள்.

"இவ இப்படி ஊடால பேசினா எனக்கு எப்படிப்பா ஞாபகம் இருக்கும்?" என்று பெரியம்மா சலித்துக்கொண்டார். "அந்த இடத்தை இன்னொரு தடவை படிச்சுக் காட்டுங்க. எங்க காலத்துல இப்படியெல்லாம் கிடையாது. கண்ணாடி முன்னால நின்னவங்களை எல்லாம் கேமரா முன்னால நிறுத்தினா இதுதான் கதி."

உதவி டைரக்டர் ஓடி வந்து வசனத்தைப் படித்துக் காட்டினார். மறுபடி ஆக்‌ஷன். மறுபடி "போதும்மா, நிறுத்து."

டைரக்டருக்கு இரத்தம் கொதித்தது. படத்தின் முதல் நாளே அவர் எல்லாரையும் நிற்க வைத்துச் சொல்லியிருந்தார்: வசனத்தில் சொதப்பினால் யாராக இருந்தாலும் அன்றைக்கே ஆளை மாற்றிவிடுவேன். பாதிப் படத்தில் கதாநாயகியை மாற்ற முடியாதே என்பதுதான் அவருடைய ஆத்திரம்.

"உங்களுக்கு நடக்க மட்டும்தான் தெரியும்னா திரும்பிப் போய் நடங்க. எங்க உயிரை வாங்காதீங்க," என்றார் எல்லார் முன்னாலும்.

அவள் கண் கலங்கியது.

ஒருவழியாகக் காட்சி ஓகே ஆனது. டைரக்டர் நேராகத் தயாரிப்பாளருக்குப் போன் போட்டார். "அடுத்த படத்துக்கு வேற பொண்ணைப் பாருங்க சார். இது வெறும் அழகு. உள்ளே ஒண்ணும் இல்லை."

"சரி, நீங்க சொன்னா சரிதான்," என்றார் தயாரிப்பாளர். அத்தோடு முடிந்தது.

மறுநாள் காலை எடிட்டிங் அறையில் டைரக்டர் இன்னும் புலம்பிக்கொண்டுதான் இருந்தார்.

"கொஞ்சம் பேசாம இதைப் பாருங்க சார்," என்றார் எடிட்டர். அந்தக் காட்சியை இரண்டு கேமராவில் எடுத்திருந்தார்கள். ஒன்று மகள் முகத்தில், ஒன்று அம்மா முகத்தில். எடிட்டர் அம்மா முகத்தை ஓடவிட்டார்.

பெரியம்மா சிங்கம் மாதிரி பேசிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் கண் லேசாக அலைந்தது. உதடு அடுத்த வார்த்தையைத் தேடியது. உடனே "போதும்மா, நிறுத்து."

அடுத்த டேக். வேறு இடம். அதே அலைச்சல். "போதும்மா, நிறுத்து."

அதற்கடுத்ததும் அப்படித்தான்.

"ஓகே ஆன டேக்ல மட்டும் பெரியம்மா எங்கேயும் தடுமாறலை," என்றார் எடிட்டர். "அதுல அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் இந்தப் பொண்ணு வாயே திறக்கலை, பார்த்தீங்களா? மறதி ஜாஸ்தியாயிடுச்சுன்னு ரெண்டு படத்துல பெரியம்மாவைத் தூக்கிட்டாங்க சார். இப்ப கையில இருக்கிறது இந்த ஒரு படம்தான்."

நேற்று டைரக்டரின் மானிட்டரிலும் இரண்டு முகங்கள் இருந்தன. அவர் திட்டுவதற்காக ஒரு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டைரக்டர் நேராகப் போய் அவளுடைய கேரவன் கதவைத் தட்டினார். கண்ணாடி முன் உட்கார்ந்திருந்த பூனை நடை எழுந்து நின்றாள். அடுத்த படம் போன செய்தி அவளுக்கு வந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"ஏம்மா என்கிட்ட சொல்லலை?"

"சொல்லியிருந்தா பெரியம்மாவை மாத்தியிருப்பீங்க."

முதல் நாள் தான் போட்ட சட்டம் டைரக்டருக்கு நினைவுக்கு வந்தது. "நான் தயாரிப்பாளர்கிட்ட பேசுறேன். நடந்ததைச் சொல்றேன்."

"வேண்டாம் சார். சொன்னா அவங்களுக்கு இனிமே யாருமே வேஷம் தரமாட்டாங்க."

"அந்தம்மா உன்னை அவ்வளவு பேசினாங்களே. அவங்களுக்காகவா உன் படத்தை விட்டுக்கொடுத்தே?"

"படம் போகும்னு நினைக்கலை சார்," என்றாள். "ராம்ப் மேடையில நடக்கிறப்ப எங்களுக்குள்ள ஒரு பழக்கம் உண்டு. கூட நடக்கிறவளுக்குக் கால் இடறிச்சுன்னா, பக்கத்துல இருக்கிறவ சட்டுனு நின்னு ஒரு சுத்து சுத்துவா. எல்லார் கண்ணும் இவ மேல திரும்பிடும். அதுக்குள்ள அவ சமாளிச்சுக்குவா. நேத்தும் அதைத்தான் செஞ்சேன்."

டைரக்டர் தலை குனிந்து நின்றார்.

"எனக்கு நடக்க மட்டும்தானே சார் தெரியும்."