வராந்தாவுக்கு அனுமதி

வீட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி ஓரமாக இன்ஜினியரைத் தள்ளிக்கொண்டு போய், ஒரு கவரை அவர் சட்டைப் பையில் திணித்தார் கேஷியர். வங்கியில் அத்தனை வருஷம் குப்பை கொட்டியும் ஒரு பைசா லஞ்சம் வாங்காதவர். கொடுப்பதும் இதுதான் முதல் தடவை.

"நகராட்சிக்கு பிளான் போட்டுக் குடுக்கப்போறது நீங்கதான். எப்படியாவது..."

"கவலைய விடுங்க சார். வராந்தாவுக்கு அனுமதி கண்டிப்பா வாங்கிடலாம்."

"ஐயோ, அதுக்கில்ல. கெடைக்காதுன்னு என் வீட்டுக்காரிகிட்ட சொல்லிடுங்க."

இன்ஜினியர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எதற்கோ திரும்பிக்கொண்டு இருமினார்.

விஷயம் இதுதான். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அங்கே புதிதாகக் கட்டிய வராந்தாவில் உட்கார்ந்து, "காத்து நல்லா வருது" என்று சொல்லிவிட்டாள் கேஷியரின் மனைவி. மனைவி ஒன்றை நன்றாயிருக்கிறது என்றால் அவர் சும்மா இருப்பாரா? "நம்ம வீட்டு முன்னாடியும் ஒண்ணு கட்டிடலாமே" என்றார். "கட்டலாமே" என்றாள் அவளும்.

அந்த வீட்டில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்துப் பேசிப் பழக்கமில்லை. சண்டையே போடாத ஜோடி என்று சொந்தபந்தத்தில் பெயர் வேறு எடுத்துத் தொலைத்திருந்தார்கள். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதில் கேஷியருக்குத் தாவு தீர்ந்துகொண்டிருந்தது.

வராந்தா வந்தால் வாசலில் நிற்கிற அவருடைய பழைய காருக்கு இடமில்லை. அது ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அதன் முன்மூடியைத் தூக்கி, தலையை உள்ளே விட்டுக்கொண்டால்தான் அவருக்கு அந்த வாரம் முடியும். காரை விற்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நிறுத்த இடமில்லாத காரை விற்காமல் தலையிலா சுமப்பது?

இன்ஜினியர் கவரைத் திருப்பி அவர் கையிலேயே வைத்தார். "இப்பத்தான் சமையலறையில அம்மாகிட்ட பேசிட்டு வரேன். உங்கள மாதிரி ஒரு ஜோடிய நான் பாத்ததில்ல சார். உங்க ரெண்டு பேர் மனசையும் பாத்தப்புறம், கெடைக்காதுன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

கேஷியருக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆசைப்பட்டு ஒன்று கேட்டாள், அதற்குப் போய் குழி பறிக்கப் பார்த்தோமே என்று அன்றைக்கெல்லாம் மனசு உறுத்தியது.

ஆனால் வீடு பழசு. முன்சுவரில் ஆணி அடித்தாலே ஒரு பிடி மண் உதிரும். கூரையை அந்தச் சுவர் தாங்காது, தனியாகத் தூண் எழுப்பணும், தூணுக்கு அஸ்திவாரம் போடணும் என்று இன்ஜினியர் அடுக்க அடுக்க, பட்ஜெட் பொங்குகிற பாலாக மேலே வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் கேஷியர் மனைவியின் முகத்தைப் பார்ப்பார். இவ்வளவு செலவா, வேண்டாமே என்று ஒரு வார்த்தை வராதா?

"உங்க இஷ்டங்க" என்பாள் அவள்.

"பாத்துக்கலாம், அதுக்கென்ன" என்பார் இவர்.

கடைசி நம்பிக்கையாக நகராட்சி அதிகாரி வந்தார். டேப்பைப் பிடித்து அளந்தவர் பின்னாலேயே நடந்தார் கேஷியர்.

"ரோட்டை ரொம்ப ஒட்டி வருதோ சார்?"

"இல்லியே, இடம் தாராளமா இருக்கு."

"வீடு ரொம்பப் பழசு. தாங்குமான்னு நல்லாப் பாத்துடுங்க."

"அதான் தனித் தூண் போடறீங்களே." அதிகாரி டேப்பைச் சுருட்டிக்கொண்டு அவர் தோளில் தட்டினார். "இங்க இருக்கற குறையெல்லாம் மறைக்கத்தான் எல்லாரும் பாப்பாங்க. தன் வீட்டைப் பத்தித் தானே கோள் சொல்ற ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன். உங்க நேர்மைக்காகவே இந்த வாரமே அனுமதி குடுத்துடறேன்."

காரை ஒரு மெக்கானிக் வந்து விலைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டு போனார். இத்தனை நாள் முரண்டு பிடித்த வண்டி அன்றைக்குப் பார்த்து ஒரே சாவித் திருப்பலில் கிளம்பியது. தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்ற கேஷியர், கண்ணில் தூசி என்று சொல்லி முகம் கழுவப் போனார்.

மறுநாள் தூணுக்குக் குழி தோண்ட ஆட்கள் வந்தார்கள். முன்சுவரை ஒட்டி வரிசையாக இருந்த ரோஜாச் செடிகளைப் பிடுங்கியாக வேண்டும். அவர்கள் மண்வெட்டியோடு காத்துக்கொண்டு நிற்க, மனைவி ஒவ்வொரு செடிக்கும் நிதானமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"பிடுங்கப்போற செடிக்கு எதுக்கும்மா தண்ணி?" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

"பழக்கதோஷம்" என்றாள். வராந்தா வரப்போகிற பரபரப்பில் அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் கேஷியர்.

ஒருவழியாக வராந்தா எழும்பியது. முதல் சாயங்காலம், வெயில் நேரே மூஞ்சியில் அடித்தது. காற்று மருந்துக்கும் இல்லை. போனால் போகிறது, இவளாவது சந்தோஷமாக இருக்கட்டும் என்று தானே டீ போட்டு இரண்டு டம்ளரில் எடுத்துக்கொண்டு வந்தவர், வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டார். வராந்தாவில் உட்கார்ந்து மனைவி போனில் மகளிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"எனக்கென்னடி ஆசை, எல்லாம் உங்கப்பாவுக்குத்தான். அனுமதி கெடைக்காதுன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்கன்னு அந்த இன்ஜினியர்கிட்ட எவ்வளவோ கெஞ்சிப் பாத்தேன், மனுஷன் மசியல."