பை ரன்னர் வேண்டாம்

சுடலை பந்தை எறிவதற்கு முன்பே, மட்டை பிடித்து நின்ற அவன் பக்கத்தில் மைதீன் வந்து நின்றுவிட்டான்.

யாரும் கூப்பிடவில்லை. பழக்கதோஷம்.

பாளையங்கோட்டையில் சின்ன வயதிலிருந்து அப்படித்தான். அவன் அடிப்பான், மைதீன் ஓடுவான். அவனுக்கு இடது கால் போலியோவில் சூம்பிப்போனது. கை இரண்டும் இரும்பு. அடித்தால் பந்து சர்ச் மதிலைத் தாண்டும். தாண்டாத பந்துக்கெல்லாம் மைதீன்தான் பை ரன்னர். ரன் அவன் கணக்கில், மூச்சிரைப்பு மைதீன் கணக்கில்.

இப்போது மூன்று பேருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. இது பாளையங்கோட்டையும் இல்லை. அமெரிக்காவில் ஏதோ ஒரு சோளக்காட்டு ஊரின் பழைய பேஸ்பால் ஸ்டேடியம்.

சுடலைக்கு இந்த நாட்டில்தான் வேலை. ஊரிலிருந்து வந்த இரண்டு பேரையும் அருவி பார்க்கக் கூட்டிப்போகிறேன் என்றுதான் காரை எடுத்தான். தண்ணீர் விழுகிறதைக் குற்றாலத்திலேயே பார்த்தாயிற்று, மட்டை பிடிக்கிற இடமாகக் காட்டு என்று அவன் சுடலையிடம் வழியிலேயே மல்லுக்கு நின்றான். அதற்கப்புறம் கார் முழுக்கப் புளிசாத வாசனையும் மைதீனின் குறட்டையும்தான்.

வந்து பார்த்தால், எல்லாம் மரத்தில் கட்டியது. கேலரியில் பச்சைப் பெயின்ட் செதில் செதிலாக உரிந்து கிடந்தது. புல்லை மட்டும் யாரோ ஒழுங்காக வெட்டியிருந்தார்கள். வெட்டியவள் கேலரியில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தாள். தலை முழுக்க நரை. சுடலை போய் என்னவோ பேசினான். அவள் உள்ளேயிருந்து ஒரு மட்டையும் பந்தும் எடுத்துவந்து கொடுத்துவிட்டு சாண்ட்விச்சுக்குத் திரும்பிப் போனாள்.

உருண்டை மட்டை. உலக்கை மாதிரி இருந்தது. அவனுக்குப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று.

சுடலை எறிந்தான்.

அவன் வீசினான்.

பட்டது பாருங்கள், அப்படி ஒரு சத்தம்.

மைதீன் ஓடினான். நேராக, சுடலையைப் பார்த்து. கிரிக்கெட்டில் எதிர் ஸ்டம்ப் இருக்கிற திசை. சுடலையையும் தாண்டிப் போய், தொடுவதற்கு ஒன்றும் இல்லாமல், நடுப்புல்லில் நின்று திருதிருவென்று விழித்தான்.

கேலரியில் அவள் வாய் நிறையச் சாண்ட்விச்சோடு சிரித்தாள். வலதுபக்க மூலையில் கிடந்த வெள்ளைத் திண்டைக் கைகாட்டினாள். இந்த ஆட்டத்தில் அங்கேதான் ஓட வேண்டுமாம்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூன்று பேரும் புல்லில் உட்கார்ந்தேவிட்டார்கள்.

சிரிப்பு அடங்கியும் அவன் அந்தத் திண்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒருநாளாவது, தான் அடித்ததற்குத் தானே ஓட வேண்டும். வேறொன்றும் இல்லை அவனுக்கு.

சின்ன வயதில் கேட்டுப் பார்த்திருக்கிறான். விடவும் விட்டார்கள். பந்தை எடுத்தவன், அவன் போய்ச் சேரும்வரை அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். எல்லோரும் கைதட்டினார்கள். ஸ்டம்ப் பறந்தாலும் யாராவது ஒருத்தன் ட்ரையல் பால், கணக்கில் வராது என்று சொல்லிவிடுவான். மட்டை அவன் கையிலேயே இருக்கும். அந்தக் கைதட்டலை நினைத்தால் இப்போதும் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். உப்புக்குச் சப்பாணி என்று வாய்விட்டே சொல்லியிருக்கலாம்.

"மைதீனு, நீ அந்தத் திண்டுகிட்ட போயி நில்லுல. நான் ஓடுதேன்."

மைதீன் சுடலையைப் பார்த்தான். சுடலை மைதீனைப் பார்த்தான். அந்தப் பார்வை அவனுக்கு நன்றாகவே தெரியும்.

"எவனாவது பந்தைக் கையில வச்சுக்கிட்டு நின்னான்னா, நான் கார்ல ஏற மாட்டேன், பாத்துக்க."

மைதீன் முனகிக்கொண்டே போனான்.

இந்த முறை பந்து தரையோடு போனது. சுடலையின் காலுக்கு அருகே, பின்னால், புல்லுக்குள்.

அவன் ஓடினான்.

இடது கை தொடையை அழுத்தியது. வலது கையில் மட்டை. மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டான்.

சுடலை தொப்பை குலுங்க ஓடிப்போய்ப் பந்தைப் பொறுக்கினான். நிமிர்ந்தான். பந்து சுடலையின் கையில் இருந்தது. கையிலேயே இருந்தது.

அவன் ஓடியபடியே திரும்பிப் பார்த்தான்.

சுடலை எறிந்தான். பாவ புண்ணியம் பார்க்காமல் எறிந்தான்.

அவன் அப்படியே பாய்ந்து மட்டையை நீட்டினான். மரம் திண்டைத் தொட்டது. அதற்குப் பிறகுதான் பந்து மைதீன் கையில் வந்து அறைந்தது. மைதீனுக்கு உள்ளங்கை சிவந்தது. பந்தை விடவில்லை. திண்டிலிருந்து காலையும் எடுக்கவில்லை.

கேலரியில் அவள் எழுந்து நின்றாள். கையை மடக்கி, கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் காட்டினாள். மட்டை தொட்டால் இங்கே செல்லாதாம். ஆளே தொட வேண்டுமாம்.

அவன் மண்ணில் கிடந்தபடியே சண்டையை ஆரம்பித்தான். மட்டை உள்ளே வந்தாயிற்று, இது எந்த ஊர் நியாயம் என்றான். முழங்கை சிராய்ந்திருந்தது. சுடலை பக்கத்தில் வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான்.

மைதீன் குனிந்து அவனைப் பார்த்தான். முகம் இளகியது. ட்ரையல் பால் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

மூடிக்கொண்டான்.

பிறகு கையை நீட்டினான், அவனைத் தூக்கிவிட அல்ல.

"அவுட்டு. மட்டையைக் குடுல."

இன்னும் கொஞ்ச நேரம் அவன் சண்டை போட்டான். முறைக்குத்தான்.

பிறகு தானே எழுந்து, மட்டையைக் கொடுத்துவிட்டு, பந்து பொறுக்கப் போனான். முகமெல்லாம் பல்.