இரண்டாவது நெளிசல்

“கண்ணு பிடரியிலயா இருக்கு? போன மாசம் இடிச்ச அதே தூண்ல மறுபடியும் இடிச்சிருக்கே!”

கார் நிறுத்தத்தில் அப்பா போட்ட சத்தத்துக்கு மூன்றாம் மாடி வரை ஜன்னல்கள் திறந்தன.

“இடிச்சாச்சு. இன்ஷூரன்ஸ்காரரைக் கூப்பிடுங்க,” என்றாள் அம்மா, அசராமல்.

“மெக்கானிக் நானூறு டாலர் சொல்றான். முதல் ஐந்நூறு நம்ம கைக்காசு. கிளெய்ம் பண்ணா ஒண்ணும் வராது, பிரீமியம்தான் இன்னும் ஏறும்!”

வெளிநாட்டுக்கு வந்த பத்து வருடத்தில் அவர் முழுதாகப் படித்த ஒரே புத்தகம் அந்தப் பாலிசிதான்.

“அதைப் போன தடவை வந்த அந்தத் தம்பியே வந்து சொல்லட்டும்.”

பக்கத்தில் நின்ற மகள் அதற்குள் ஃபோனில் எண்ணைத் தேடத் தொடங்கியிருந்தாள்.

மறுநாள் சேதத்தை மதிப்பிட வந்தவர், போன மாதம் வந்த அதே இளைஞர், நம் மொழிக்காரர். நெளிசலைத் தடவினார், குனிந்து பார்த்தார், தயங்கினார்.

“சார், தூண்ல இடிச்சா இப்படி வட்டமாப் பள்ளம் விழாது. இது சுத்தியல்.”

அப்பா அம்மாவை முறைத்தார். அம்மா மகளைப் பார்த்தாள்.

“நான்தாம்பா அடிச்சேன்,” என்றாள் மகள் தரையைப் பார்த்தபடி. “சும்மா எப்படி இவருக்கு ஃபோன் பண்றது? ஒரு காரணம் வேணாமா?”

இளைஞரின் காது சிவந்தது. படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“கிளெய்ம் வேணாம் சார். ஞாயித்துக்கிழமை வர்றேன். கார் பாக்க இல்ல.”

ஆறே மாதத்தில் கல்யாணம். இருவரும் நான்கு மணி நேரப் பயணத் தூரத்திலுள்ள வேறு ஊருக்குக் குடிபோனார்கள். அம்மா சனிக்கிழமைதோறும் தானே ஓட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். இதுவரை காரில் ஒரு கீறல் இல்லை.