ஒரு கோல் காணும்

நகரின் புதிய ஐஸ் ஹொக்கி அணிக்கு இதுதான் முதல் பருவம். சிறுவர் ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கும் பிளோறன்ஸ், அங்கே புதிதாக வேலைக்கு வந்த அஜிதாவையும் கூட்டிக்கொண்டு, எதிரணியின் கோலுக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்பை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். இருவரின் மடியிலும் பஞ்சுக் கரடிகள்.

"இதுகளை எப்ப எறியிறது, அக்கா?"

"இந்த ஊர் ரீம் முதல் கோல் அடிக்கவேணும். அப்ப எல்லாரும் ஐஸிலை எறிவினம். அவ்வளவும் எங்கட ஆஸ்பத்திரிப் பிள்ளையளுக்குத்தான்."

ஆட்டம் முடியப்போகிறது. கோல் மட்டும் விழவில்லை. முகமூடி போட்ட எதிரணிக் கோல்காப்பாளன் வந்ததையெல்லாம் தடுத்துக்கொண்டிருந்தான்.

"இவன் விடமாட்டான் அக்கா. வெளிக்கிடுவமே?"

"ஏலாது. கரடி வருமெண்டு பிள்ளையளுக்குச் சொல்லிப்போட்டன்."

பிளோறன்ஸ் எழுந்து நின்று, தொண்டை கிழிய ஜெர்மன் மொழியில் கத்தினாள். "இடப்பக்கம் மேலை அடியுங்கோ. அவனுக்கு இடக்கை பிந்தித்தான் எழும்பும்."

"அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று அஜிதா கேட்பதற்குள் பந்துவட்டு சரியாக அங்கேயே புகுந்தது. அரங்கம் அதிர, கரடிகள் மழையாகக் கொட்டின.

கோல்காப்பாளன் முகமூடியைக் கழற்றிக்கொண்டு கண்ணாடியருகே வந்தான்.

"என்ரை கையைக் காட்டிக் குடுத்தது நீங்கள்தானே, அம்மா?"

"ஓம், அப்பன். பிள்ளையளுக்கு ஒரு கோல் காணும்," என்றாள் பிளோறன்ஸ். "இனி ஒண்டையும் விடாதை."