அட்டைக்குப் பின்னால்

"வீட்ல டெய்லி ஸ்கூல் வெளாட்டுதான் மிஸ். அப்படியே நீங்க பண்ற மாதிரியே பண்ணுவா. இருங்க, காட்டச் சொல்றேன்" என்றாள் தேவகிருபை.

நான் அவளை வரச் சொன்னது விளையாட்டுப் பார்க்க அல்ல. அவள் மகள் அக்சாவை அடுத்த வருடமும் எல்கேஜியிலேயே வைத்துக்கொள்ளப் போகிறோம் என்று சொல்ல. ரிப்போர்ட் கார்டு என் கையில் தயாராக இருந்தது. 'பிடிவாதம். சொன்னால் கேட்பதில்லை' என்று முத்து முத்தாக எழுதி வைத்திருந்தேன்.

அப்படி எழுத எனக்குக் காரணம் இருந்தது.

2003 டிசம்பரில் எங்களுக்கு வேலூரில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். இனிமேல் ஏ ஃபார் ஆப்பிள் வேண்டாம், எழுத்தின் பெயரை விட்டுவிட்டு அதன் ஒலியைச் சொல்லிக்கொடுங்கள் என்றார்கள். எம் என்று சொல்லக் கூடாது, ம்ம் என்று சொல்ல வேண்டும். குழந்தை அதைக் கேட்டு, விரித்து வைத்த எழுத்துகளில் சரியானதைத் தொட வேண்டும். வாயைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடாமல் இருக்க, உதட்டை ஓர் அட்டையால் மறைத்துக்கொள்ள வேண்டும்.

ஆம்பூருக்கே நான்தான் இதைக் கொண்டுவந்தவள் போல எனக்குத் தலைகால் புரியவில்லை.

முப்பத்தெட்டுப் பிள்ளைகள். எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள், அக்சாவைத் தவிர. ம்ம் என்றால் எஸ்ஸைத் தொடுவாள். ஸ்ஸ் என்றால் டியைத் தொடுவாள். சில நாள் எதையும் தொடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பொறுமை போய் நான் அட்டையை மேஜையில் வீசிவிட்டு அதே ஒலியைக் கத்தினால் மட்டும் டக்கென்று சரியாகத் தொடுவாள்.

அப்போதும் எம்மையும் பியையும் மாற்றி மாற்றித்தான் தொடுவாள். அதற்குத் தனி அடி.

பேச்சும் அவளுக்குக் குழறும். அவள் அப்பா வீட்டில் எல்லாருமே லேட்டாகப் பேசியவர்கள்தான் என்று சேர்க்கும்போதே சொல்லியிருந்தார்கள். ஆகவே எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். வேண்டுமென்றே செய்கிறாள். திமிர். ஸ்கேலால் உள்ளங்கையில் அடித்தேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, மூன்று மாதம்.

தேவகிருபை ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷனில் வேலை பார்ப்பவள். அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தாள். விரல் நுனிகளில் பசை காய்ந்திருந்தது. மகளின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, வாயை அகல அகலத் திறந்து மூடி ஏதோ சொன்னாள்.

எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அக்சா சரி என்று தலையாட்டினாள்.

"எங்க செக்‌ஷன்ல மெஷின் சத்தம் ஜாஸ்தி மிஸ். வாயாலயே ஜாடையா பேசிக்குவோம். அதே பழக்கம் வீட்லயும் வந்துட்ச்சி" என்று தேவகிருபை சிரித்தாள்.

அக்சா என் மேஜையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தாள். ஸ்கேலையும் எடுத்தாள். அம்மாவைத் தரையில் உட்காரவைத்தாள். இல்லாத முந்தானையை என்னைப் போலவே இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பிறகு அட்டையை உயர்த்தி வாயை மறைத்துக்கொண்டாள்.

ம்ம் வரும், ஸ்ஸ் வரும் என்று நான் காத்திருந்தேன்.

ஒன்றும் வரவில்லை. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அட்டைக்கு மேலே அவள் கண்கள் அம்மாவை முறைத்தன. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு அட்டையை இறக்கிவிட்டு, அம்மாவின் கையை விரித்து, உள்ளங்கையில் பட்டென்று ஸ்கேலால் ஒன்று வைத்தாள்.

தேவகிருபை விழுந்து விழுந்து சிரித்தாள்.

அக்சா எதையும் மறந்துவிடவில்லை. நான் நடத்திய பாடம் அவளுக்குத் தெரிந்தவரை அவ்வளவுதான். மிஸ் அட்டையைத் தூக்குவார், கொஞ்ச நேரம் சும்மா நிற்பார், பிறகு அடிப்பார். அட்டை இல்லாவிட்டாலும் எம்முக்கும் பிக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடும்.

எழுந்து போய் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். "அக்சா" என்றேன். இன்னொரு முறை, இன்னும் சத்தமாக. வராந்தாவில் காத்திருந்த அம்மாக்கள் எட்டிப் பார்த்தார்கள். அக்சா ஸ்கேலைப் பழைய இடத்தில் ஒழுங்காக வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா மிஸ்?" என்றாள் தேவகிருபை. அவள் சிரிப்பு நின்றிருந்தது.

"இவளுக்குக் காது கேக்கல போல இருக்கும்மா. திங்கக்கெழமயே வேலூருக்குக் கூட்டிட்டுப் போயி காட்டிடுங்க" என்றேன். அக்கறையுள்ள ஒரு டீச்சரின் குரல் எனக்கு எப்படியோ வந்துவிட்டது.

அவள் மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். நெடுநேரம் அந்தக் காதுகளைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"பெத்தவ எனக்கே தெரியல. வீட்ல ஒருத்தருக்கும் தெரியல. நீங்கதான் மிஸ் கண்டுபுடிச்சீங்க. கர்த்தர் உங்கள நல்லா வெப்பாரு" என்று அழுதாள்.

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். மூன்று மாதம் எதற்காக அடித்தேன் என்று அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம்.

ரிப்போர்ட் கார்டை மெல்ல ரெஜிஸ்டருக்கு அடியில் தள்ளினேன்.

"அது எங்க வேலதானேம்மா" என்றேன்.

அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்ற அக்சா, நான் சொல்லி முடிக்கும்வரை என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.