பெருக்கிய கரை

"மீன் குடலைக் கொண்டுவந்து இங்க கொட்டுறியே, உனக்குக் கொஞ்சமாவது மனசாட்சி இருக்கா?"

அண்ணன் போட்ட சத்தத்தில், கரையில் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

தங்கச்சி இரண்டாவது கூடையையும் மணலில் கவிழ்த்தாள். கருவாடு போடுகிறவள். நாற்றம் அவளுக்குப் புதிதா என்ன?

கட்டடம் எதுவும் முளைக்காமல் அந்தப் பக்கம் மிச்சமிருக்கிற ஒரே கரை அது. ஹோட்டல்காரன் இதைத் தொடக்கூடாது என்று பாதுகாப்புக் குழு ஆரம்பித்தவரே அண்ணன்தான். இன்று ஊரே கையுறை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. கூடப்பிறந்தவளோ இப்படி மானத்தை வாங்குகிறாள்.

அண்ணி வந்து அவள் கையைப் பிடித்தாள். "ஏன் இப்படிப் பண்றே? கரை சுத்தமா இருந்தாத்தானே நாம காப்பாத்துறோம்னு நாலு பேர் நம்புவாங்க?"

"தெக்குக் கரையையும் இப்படித்தான் பெருக்கினோம் அண்ணி. நானும்தான் பெருக்கினேன். அடுத்த மாசமே வேலி போட்டுட்டாங்க. மீன் காயவைக்க எனக்கு இருக்கறது இனி இந்த மணல்தான். இதுவும் போச்சுன்னா பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு நான் எங்க போவேன்?"

"அது ஹோட்டல்காரன் பண்ண அநியாயம்," அண்ணன் சீறினார். "அதுக்குத்தான் நான் தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருக்கேன். உனக்கெங்க அதெல்லாம் புரியப்போகுது?"

கூட்டம் தலையாட்டியது. "சரியான பிடிவாதக்காரி" என்றார் ஒருவர்.

அப்போதுதான் ஒரு கார் வந்து நின்றது. பளபளவென்று ஷூ போட்ட ஒருத்தர் காலைக் கீழே வைத்தார். மூக்கைப் பொத்தினார். வைத்த காலை உள்ளே இழுத்துக்கொண்டார். கார் திரும்பிப் போய்விட்டது.

"யாருங்க அது?" அண்ணி கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்? வழி தெரியாம வந்திருப்பான்."

சொல்லிவிட்டு அண்ணன் போனும் கையுமாகப் படகு மறைவுக்குப் போனார். கத்திக் கத்தி மனுஷனுக்குத் தொண்டை வறண்டிருக்குமே என்று, அண்ணி தண்ணீர் பாட்டிலோடு பின்னாலேயே போனாள்.

"சார், கோவிச்சுக்காதீங்க. தெக்குக் கரையைப் பளிச்சுன்னு பெருக்கிக் குடுத்தேனா இல்லையா? இதையும் அப்படியே குடுத்துடறேன். அவ என் தங்கச்சிதான் சார். நாளைக்கு அவ இங்க இருக்க மாட்டா. நான் பாத்துக்கறேன்."

அண்ணி சத்தம் காட்டாமல் திரும்பி வந்தாள். கையுறையைக் கழற்றி மணலில் போட்டாள்.

"இன்னும் ஒரு கூடை இருக்கா?" என்று நாத்தனாரிடம் கேட்டாள்.